கறுப்புத் துணிக்கு முன்னால்

அந்தப் படத்துக்காக எங்களை நிறையப் பேர் பாராட்டினார்கள். அங்கிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டு, விஷவாயு தாக்கி இறந்துபோன தொழிலாளியின் மனைவியைப் படமெடுத்தோம். நாங்கள் அப்போது நான்கு பேர். காலனியில் மாலை நேரப் படிப்பகம் நடத்துவது, மனு எழுதிக் கொடுப்பது, இழப்பீட்டுக்காகத் தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடப்பது என்று ஓடிக்கொண்டிருந்தோம். சமூகவியல் படித்த தெம்பு இருந்தது. இரவல் வாங்கிய கேமரா ஒன்றும் இருந்தது.

இணையத்தில் பார்த்து ஒரு வித்தையைக் கற்றுவைத்திருந்தோம். பின்னால் முழுக்க இருட்டு. ஒரே ஒரு விளக்கு. முகத்தில் பாதி மட்டும் வெளிச்சம். ஒளிப்படக்காரர்கள் இதை 'லோ-கீ' என்பார்கள். எந்த முகத்தையும் மேடை நாடகத்து முகம்போல ஆக்கிவிடும். அக்காவின் வீட்டு ஜன்னலைச் சாக்கால் அடைத்தோம். அவர் தலைக்கு நேர் மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். "கேமராவப் பாக்காதீங்க அக்கா, கீழ பாருங்க" என்றோம். பிறகு கணினியில் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை முடிந்த மட்டும் ஏற்றினோம். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. கன்னத்தில் கத்தியால் கீறியதுபோலக் கோடுகள். எங்களுக்கே பார்த்தால் நெஞ்சை அடைத்தது.

ஆர்ப்பாட்டத்தில் அதை எட்டடி ஃப்ளெக்ஸாகக் கட்டினோம். கல்லூரி மாணவர்கள் வந்து "உலுக்கிட்டீங்க தோழர்" என்றார்கள். ஒரே நாளில் வாட்ஸ்அப் குழு குழுவாகப் போனது.

அக்காவும் ஆர்ப்பாட்டத்துக்கு வந்திருந்தார். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அழுவார் என்று எதிர்பார்த்தோம். எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு முப்பத்தி நாலு வயசு. இதுல இருக்கற கெழவி யாரு?" என்று கேட்டார். நாங்கள் விளக்கம் சொன்னோம். வலியைக் காட்ட வேண்டும், பார்ப்பவர்களுக்கு உறைக்க வேண்டும் என்றெல்லாம் பேசினோம். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செத்தது அவருதானே. என்னையும் எதுக்குச் சாகடிச்சு வெச்சிருக்கீங்க?"

அதோடு முடியவில்லை. அவர் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா எப்படி இறந்தார் என்று பள்ளியில் சொல்லாமல், ஆக்சிடென்ட் என்று மட்டும் சொல்லியிருந்தாள். படத்துக்குக் கீழே ஊரையும் காரணத்தையும் நாங்கள் எழுதியிருந்தோம். அது வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு போனுக்குப் போய்விட்டது. நான்கு நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் நாங்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தபோது, எங்களைப் பார்க்காமல் எழுந்து பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

"படம் எடுக்கலாமா அக்கா" என்று கேட்டிருந்தோம். அவரும் சரி என்றிருந்தார். எங்கே கட்டுவோம், யார் யார் பார்ப்பார்கள், கீழே என்ன எழுதுவோம், எப்படிப்பட்ட முகமாக அவரைக் காட்டப்போகிறோம் என்று எதையும் சொல்லவில்லை. வாங்கியது பாதிச் சம்மதம். அதை முழுச் சம்மதமாக எழுதிக்கொண்டோம். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கும் கந்துவட்டிக்காரனை நாங்கள் எத்தனை முறை திட்டியிருக்கிறோம்!

தோழர்களே, இன்று உங்கள் எல்லோரிடமும் போன் இருக்கிறது. சம்பவம் நடந்த இடத்துக்கு நிருபருக்கு முன்னால் போகிறவர்கள் நீங்கள். அதனால்தான் எங்கள் தவறை உங்களிடம் சொல்கிறோம். அந்த வித்தை எங்கிருந்து வந்தது, அதில் எது நமக்கு உதவும், எது நம்மை விழுங்கும் என்று அதற்குப் பிறகு நாங்கள் தேடிப் பார்த்தவற்றையும் சொல்கிறோம்.

முதலில் விளக்கு. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து விழுகிறதோ, அந்தத் திசை அந்த முகத்தைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறது. நேர் மேலிருந்து விழுந்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், கண்ணுக்குக் கீழே உள்ள தொய்வெல்லாம் பெரிதாகத் தெரியும். போலீஸ் விசாரணைக் காட்சியில் சினிமாக்காரர்கள் பல்பை அங்கே தொங்கவிடுவது அதற்காகத்தான். கீழிருந்து விழுந்தால் பேய்ப்படம். ஒரு பக்கமாக, கண்ணுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 45 டிகிரியில் வைத்தால் வேறு மாதிரி ஆகிறது. நிழல் பக்கத்துக் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக ஒளி விழுகிறது. கண் உயிரோடு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் பெயரால் இன்றும் ஸ்டூடியோக்காரர்கள் அதை ரெம்பிராண்ட் லைட்டிங் என்கிறார்கள்.

அவருக்கு முன்பே இத்தாலியில் காரவாஜியோ என்ற ஓவியர் இருட்டுக்குள்ளிருந்து முகங்களை வெளியே எடுத்தார். தெருவில் கண்ட சாதாரண மனிதர்களைப் புனிதர்களாக வரைந்தவர். ரோமில் தேவாலயத்துக்காக அவர் வரைந்த ஒரு மாதா படத்தில், மண்டியிட்டு வணங்கும் ஏழை யாத்திரிகரின் அழுக்குப் பாதம் பார்ப்பவரின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, இருட்டுப் பின்னணி என்பது தன்னளவில் ஏழைக்கு எதிரி அல்ல. யாரை வெளிச்சத்துக்கு இழுத்து வருகிறோம், எதற்காக இழுத்து வருகிறோம் என்பதுதான் கேள்வி.

ஆனால் நம்மைப் போன்றவர்களைப் பின்னணி இல்லாமல் நிறுத்திவைத்துப் படமெடுத்ததற்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசுக்கு இந்த நாட்டு மக்களை வகை பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளாகப் படங்களை வெளியிட்டார்கள். ஆளுக்கு ஒரு படம், கீழே சாதியின் பெயர், அந்தச் சாதியின் குணம் என்று ஒரு தீர்ப்பு. 1869-இல் லாம்ப்ரே என்பவர் ஒரு முறையை எழுதிவைத்தார். மரச்சட்டத்தில் பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் கட்ட வேண்டும், அதற்கு முன்னால் ஆளை ஆடையில்லாமல் நிறுத்திப் படமெடுக்க வேண்டும். அப்போதுதான் உடம்பை அளக்க முடியுமாம். நம் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. முதுகலையில் அதை மேற்கோளுக்காகப் புரட்டியிருக்கிறோம். படங்களை நின்று பார்த்ததில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு பார்த்தோம். நேராக நிற்கச் சொன்னதால் நிற்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னதால் திரும்புகிறார்கள். பெயர் இல்லை. வீடு இல்லை, தெரு இல்லை. சாதி மட்டும் இருக்கிறது.

எங்கள் ஃப்ளெக்ஸிலும் அக்காவின் பெயர் இல்லை. 'மலக்குழி மரணத்தில் கணவனை இழந்த பெண்' என்று எழுதியிருந்தோம்.

அடுத்தது நிறம். கல்லூரியில் எடுத்த குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். மதிய வெயில், வெள்ளைச் சட்டை. நம் ஆட்கள் பல பேருக்குப் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நாமும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அது நம் முகத்தின் குறை அல்ல. கேமரா ஒரு காட்சியில் உள்ள வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கழித்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் கருவி. வெள்ளைச் சட்டைகள் அதிகமாக இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அந்தக் கணக்கில் முதலில் பலியாவது கறுத்த முகம்.

ஃபிலிம் காலத்தில் இதற்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ஷெர்லி கார்டு என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிப் படங்கள் மோசமாக வந்ததைப் பெற்றோர்கள் சொன்னார்கள். ஆனால் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்னது ஃபிலிம் மாறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைத்த நியாயம் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊர் ஸ்டூடியோவில் கதை வேறு. "முகத்த கொஞ்சம் ப்ரைட் பண்ணிரட்டுமா?" என்று கேட்பார்கள். பல நேரம் கேட்கவே மாட்டார்கள். எங்கள் படிப்பகத்து மாணவன் ஒருவனின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை வெளுத்து வெளுத்து வேறு ஆளாக்கிவிட்டார்கள். தேர்வு அறையில் ஹால் டிக்கெட்டைப் பார்த்த கண்காணிப்பாளர் "இது நீதானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவனுக்கு முதல் பத்து நிமிடம் கை நடுங்கியதாம். நம்மை ஒருவர் வெளுக்கிறார், இன்னொருவர் இருட்டில் முக்குகிறார். இரண்டு பேரும் நம்மைக் கேட்பதில்லை.

கேட்க வைத்த ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பித்து, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளரான ஃப்ரெடரிக் டக்ளஸ். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர் அவர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. கறுப்பின மக்களைக் கோமாளிகளாக, பல்லிளிப்பவர்களாக வரைந்துகொண்டிருந்த காலம் அது. டக்ளஸ் நல்ல கோட்டு அணிந்து, சிரிக்காமல், பெரும்பாலும் எந்த அலங்காரமும் இல்லாத வெற்றுப் பின்னணிக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். 1861-இல் பாஸ்டனில் படங்களைப் பற்றியே உரை நிகழ்த்தினார். லாம்ப்ரேயின் ஆட்களுக்குப் பின்னாலும் வெறுமை, டக்ளஸுக்குப் பின்னாலும் வெறுமை. முன்னவர்களை நிறுத்திவைத்தார்கள். பின்னவர் தானாக வந்து உட்கார்ந்தார். அண்ணல் அம்பேத்கரின் கோட்டையும் நேர்ப் பார்வையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் நாங்கள் அக்காவைக் கீழே பார்க்கச் சொன்னோம்.

இரண்டு வருடம் கழித்து அக்காவே கேட்டார். "அந்தப் படம் எல்லாரு போன்லயும் கெடக்கு. அத அழிக்க முடியாது. வேற ஒண்ணு எடுத்துக் குடுங்க. அது இதத் தள்ளிக்கிட்டு முன்னால வரட்டும்." கூடவே நான்கு நிபந்தனைகள் சொன்னார். மகளின் மஞ்சள் நீராட்டுக்கு எடுத்த ரோஸ் கலர் புடவை கட்டிக்கொள்வார். மூக்குத்தி தெரிய வேண்டும். நேராகப் பார்ப்பார். நான்காவது எங்களை யோசிக்க வைத்தது: "வீடு தெரியக் கூடாது. வீடு தெரிஞ்சா மொதல்ல வீட்டத்தான் பாப்பாங்க. ஓட்டக் கூரையப் பாப்பாங்க. அப்பறம்தான் என்னையப் பாப்பாங்க."

பின்னணியில் இருட்டு வேண்டும் என்று இந்த முறை கேட்டவர் அவர்.

படிப்பகத்துக் கூடத்தில் எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்பதை விரிவாகச் சொல்கிறோம், உங்களுக்கு உதவும். முதலில் வாங்கிய கறுப்புத் துணி சாட்டின். பளபளத்து, வெளிச்சத்தைப் பிடித்துச் சாம்பலாகக் காட்டியது. பிறகு பழைய வெல்வெட் திரை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும். அது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தூரம் இருந்தால் போதும். பல்பின் வெளிச்சம் தூரத்தின் இருமடியில் குறைகிறது. ஒரு மீட்டரில் கிடைப்பதில் இரண்டு மீட்டரில் நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும், நான்கு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆளை விளக்குக்குப் பக்கத்திலும், சுவரை அவருக்கு வெகு பின்னாலும் வைத்தால், சாதாரணச் சுவர்கூட இருட்டுக்குள் போய்விடும்.

20 வாட் எல்.இ.டி பல்பு ஒன்றை அக்காவின் இடப்பக்கம், முகத்துக்குச் சற்று மேலே வைத்தோம். நடுவில் கொடி கட்டி ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டோம். வெறும் பல்பு கறுத்த தோலில் சின்னச் சின்னத் திட்டாகப் பளிச்சிடும், அதுதான் கோடு கோடாகத் தெரியும். வேட்டி வழியாக வரும்போது வெளிச்சமே வேட்டி அளவுக்குப் பெரிதாகி, கன்னத்தில் அகலமாக, மெதுவாக வழியும். கறுத்த தோலுக்கு அந்த மினுமினுப்புதான் அழகு. அதைக் கொல்லக் கூடாது. வலப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. நிழல் பக்கத்துக் கண்ணுக்கு அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும்.

முதல் படத்தைப் பார்த்தோம். முகம் நன்றாக இருந்தது. ஆனால் தலைமுடி எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கறுத்த முடி கறுத்த துணிக்குள் கரைந்து, முகம் மட்டும் முகமூடிபோல மிதந்தது. வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த வீடியோக்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. பொன்னிற முடிக்கு இந்தப் பிரச்சினை இல்லையே! பின்னாலிருந்து ஒரு சின்ன வெளிச்சம் வேண்டும். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. போன் டார்ச்சின் மேல் பட்டர் பேப்பரைச் சுற்றி, அம்மாவுக்குப் பின்னால் ஒரு பக்கமாக, படத்தில் விழாமல் ஸ்டூல் மேல் ஏறி நின்று பிடித்தாள். முடியிலும் தோளிலும் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று ஓடியது. இருட்டு பின்னால் போனது, அக்கா முன்னால் வந்தார்.

கேமராவின் தானியங்கிக் கணக்கை நிறுத்திவிட்டோம். இவ்வளவு கறுப்பைப் பார்த்தால் அது பயந்து படத்தை வெளுப்பாக்கும், துணி சாம்பலாகும், முகம் வெந்துபோகும். ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் 2.8, ஷட்டர் 1/60. இந்த எண்கள் எங்கள் பல்புக்கு. உங்கள் விளக்குக்கு வேறு வரும். போனில் எடுத்தால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். நைட் மோட் நிழலையெல்லாம் தூக்கிவிடும், வேண்டாம். முகத்தை வழவழப்பாக்கி வெளுக்கும் பியூட்டி மோடை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

"பவுடர் போட்டுக்கட்டுமா?" என்று அக்கா கேட்டார். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சொற்பொழிவு தயாரானது. வாயை மூடிக்கொண்டு, உங்கள் விருப்பம் என்றோம். போட்டுக்கொண்டார். படத்தைத் திரையில் காட்டினோம். "சாம்பல் பூசின மாதிரி இருக்கே" என்று அவரே முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்தையும் காட்டினோம். மூக்குத்தி தெரியவில்லை என்றார், விளக்கை நகர்த்தினோம். மோவாயைத் தூக்கினால் திமிராகத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றோம். "அப்ப அதுவே இருக்கட்டும்" என்றார். பதினேழாவது படத்தில் "போதும்" என்றார். அன்று முடிவு செய்தவர் அவர்.

இதை வைத்துக்கொண்டு, இருட்டுப் பின்னணிதான் சுயமரியாதை என்று நாங்கள் ஒரு சூத்திரம் கட்டியிருப்போம். அடுத்து வந்தவர் அதை உடைத்தார். நகராட்சியில் தெருக் கூட்டி ஓய்வு பெற்ற பெரியவர். கறுப்புத் துணியைப் பார்த்ததும் உட்கார மறுத்துவிட்டார். "இருட்டுலயேதான்பா வேல பாத்தேன். விடியக்காலம் நாலு மணிக்கு எறங்குவோம். ஊரு எந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிரணும், நாங்க இருந்தது யாருக்கும் தெரியக் கூடாது. இப்பவும் இருட்டா? பஸ் ஸ்டாண்டு வாசல்ல வெயில்ல நிக்க வெச்சு எடு." காலை பதினொரு மணி வெயில், ஒளிப்படக்காரர்கள் தவிர்க்கச் சொல்லும் வெளிச்சம். அவர் முப்பது வருடம் கூட்டிய இடத்தில், அதைக் கடந்து போகும் ஜனங்களுக்கு நடுவில், நடுவாக நின்றார். அதுதான் அவருடைய படம்.

பின்னணியை அழிக்கும்போது சில நேரம் குற்றவாளியும் சேர்ந்து அழிந்துபோகிறான். எங்கள் முதல் படத்தின் பெரிய தவறு அதுவாகவும் இருக்கலாம். இருட்டில் ஒரு பெண் அழுகிறாள் என்றால் பார்ப்பவருக்கு இரக்கம் வரும், விதி என்று தோன்றும். தொட்டி எங்கே? குடியிருப்பு எங்கே? ஆளை இறக்கிய ஒப்பந்ததாரர் எங்கே? 1942-இல் வாஷிங்டனில் கோர்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின ஒளிப்படக்காரர், அரசு அலுவலகத்தைத் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்ணை எடுத்தார். ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் மாப்பு, பின்னால் சுவர் முழுக்க அமெரிக்கக் கொடி. அந்தக் கொடியை எடுத்துவிட்டால் அது ஒரு தொழிலாளியின் படம் மட்டுமே. கொடி இருப்பதால் அது ஒரு நாட்டின் மேல் வைத்த குற்றச்சாட்டு.

ஆகவே சம்பவ இடத்தில் கலைப்படம் எடுக்காதீர்கள். அங்கே வேண்டியது சாட்சிப் படம். கையால் மலம் அள்ள வைப்பதையும், பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதை வாங்க நாம் ஏறி இறங்கும் படிகளில் நிழலும் நாடகமும் உதவாது. தூரத்திலிருந்து ஒரு படம், கட்டடமும் தொட்டியும் சேர்ந்து தெரிய. நெருங்கி ஒரு படம், மூடியும் கயிறும் வாளியும் தெரிய. முகக்கவசமோ ஆக்ஸிஜனோ அங்கே இல்லை என்பது தெரிய. நின்றிருக்கும் வண்டியின் எண் தெரிய. நிறம் மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். இறந்தவரின் உடலை எடுக்க நேர்ந்தால் அது வழக்கறிஞருக்கும் கோப்புக்கும் மட்டும். அது ஃப்ளெக்ஸுக்கு இல்லை, ஸ்டேட்டஸுக்கும் இல்லை.

சாட்சிப் படம் வேறு, முகப் படம் வேறு. முன்னதில் பின்னணியை ஒரு அங்குலமும் விடக் கூடாது. பின்னதில் பின்னணி வேண்டுமா, வேண்டாமா என்பதை உட்காருகிறவர் சொல்ல வேண்டும். நாங்கள் முதல் முறை இரண்டையும் குழப்பி, இரண்டையும் கெடுத்தோம்.

இப்போது எங்களிடம் சில வழக்கங்கள் இருக்கின்றன. படமெடுப்பதற்கு முந்தைய நாள் கேமரா இல்லாமல் போய்ப் பேசிவிட்டு வருவோம். எங்கே வரும், யார் பார்ப்பார்கள், கீழே என்ன எழுதுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்போம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேட்போம். பெயர் போடலாமா என்று தனியாகக் கேட்போம். போடச் சொன்னால் முழுப் பெயராகப் போடுவோம். ஒவ்வொரு படத்தையும் காட்டுவோம், அவர் வேண்டாம் என்றதை அவர் கண் முன்னாலேயே அழிப்போம். முதல் பிரதி அவருக்கு, சட்டம் போட்டு. நாளைக்கு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுப்போம். போன இடத்திலிருந்தெல்லாம் எடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்வோம்.

இதெல்லாம் எடுக்கும் நம் நல்ல மனசை நம்பியே இருக்கிறது என்பது இதன் பலவீனம். கேமரா கை மாற வேண்டும். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் மதுரை ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். சரியான வழி அதுதான். நாங்களும் சின்ன அளவில் தொடங்கியிருக்கிறோம்.

அன்று ஸ்டூல் மேல் ஏறி டார்ச் பிடித்த மகள் இப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்தில் விளக்கு வைப்பதை அவள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள். முதல் வகுப்பில் எல்லோரையும் ஒருமுறை கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, நேர் மேலிருந்து பல்பைக் காட்டிப் படமெடுத்து அவர்களுக்கே காட்டுவாள். பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். "புடிக்கலல்ல? அப்ப மத்தவங்களுக்கு இத செய்யாதீங்க" என்பாள். பழைய படத்தைப் பற்றி அவள் இன்றுவரை எங்களிடம் பேசியதில்லை. நாங்களும் அவள் பேசுவாள் என்று காத்திருக்கவில்லை.

அக்காவின் இரண்டாவது படம் அவர் வீட்டில் அண்ணல் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. முதல் படம் இன்னும் எங்கெங்கோ சுற்றுகிறது. போன ஆண்டுகூட ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழில் பார்த்தோம். கூப்பிட்டு, அதை எடுத்துவிடச் சொன்னோம். உங்களுக்கும் என்றாவது வரலாம். இருட்டுக்குள் கண் தெரியாத ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம். வந்தால் பகிராதீர்கள் தோழர்களே.

வெல்வெட் துணியும் வேட்டியும் தெர்மாகோலும் படிப்பகத்தில் இருக்கின்றன. வேண்டுமென்று கேட்கிற எந்தத் தோழருக்கும் தருவோம்.

ஜெய் பீம்.